உப்பு, இரும்பு, மீதியெல்லாம் டப்பா

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். நெடுந்தூர சைக்கிளுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் கனிமச்சத்துகளில் நான் காசு கொடுத்து வாங்கியவற்றுள் இரண்டைத்தான் மறுபடி வாங்குவேன். ஒன்று, மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட். இன்னொன்று, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை. மெக்னீசியம், துத்தநாகம், 'எழுபத்திரண்டு கனிமங்கள் அடங்கிய' சொட்டு மருந்து, இன்னும் சில டப்பாக்கள் என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

நான் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். வயது 46. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் சைக்கிள், வருஷத்தில் சில பிரெவே. பிரெவே என்பது ரேஸ் கிடையாது. பிரான்சில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே சீசனில் இந்த நான்கையும் முடித்தால் சூப்பர் ரேண்டனர் என்பார்கள். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் பிரெவே கார்டில் ஒரே மரியாதைதான். அதனால் 'பர்ஃபார்மன்ஸ்' என்று நான் சொல்வது வேகத்தை இல்லை. பதினைந்தாவது மணி நேரத்திலும் சாப்பாடு உள்ளே இறங்க வேண்டும், கால் பிடித்துக்கொள்ளக் கூடாது, நடுராத்திரி லாரிக்கு வழிவிடும் அளவுக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும். டிராக்கில் நான்கு நிமிடத்துக்கு வெறிபிடித்து ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்த விமர்சனம் அரைகுறையாகத்தான் பொருந்தும்.

சரி, ஓஆர்எஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணன் நான் மொத்தமாகப் பத்து பாக்கெட் எலக்ட்ரால் ஓஆர்எஸ் கேட்கும்போதெல்லாம், "ஏன் டீச்சர், வீட்ல யாருக்காச்சும் வயித்துப்போக்கா?" என்பார். சைக்கிளுக்கு என்றால், "சைக்கிளுக்கா வயித்துப்போக்கு?" என்று அவரே சிரித்துக்கொள்வார். அவர் கேட்பதும் நியாயம்தான். இது பேதி மருந்தாகப் பிறந்த பொருள். 1971-இல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். பல ஆயிரம் உயிர்கள் பிழைத்தன. 2022-இல் அவர் இறந்தார், அதற்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். விளையாட்டு பானத்தின் கதையை எல்லோரும் 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கேட்டரேட் பிறந்ததிலிருந்துதான் சொல்கிறார்கள். எனக்கு பொங்காவ் கதைதான் பிடிக்கும்.

உள்ளே இருப்பது என்ன? உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அறிவித்த அளவுப்படி, ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சுமார் 1,700 மில்லிகிராம் சோடியம். குளுக்கோஸ் அங்கே இனிப்புக்காக இல்லை. சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி இருக்கிறது. அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு சவ்வூடு பரவல் நடத்தும்போது இதைத்தான் உதாரணம் சொல்வேன். பாடம் மறந்தாலும் இது ஞாபகம் இருக்கிறது என்கிறார்கள்.

வியர்வையில் எவ்வளவு சோடியம் போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு 200 மில்லிகிராமிலிருந்து 2,000 வரைகூடப் போகும். பெரும்பாலானவர்கள் ஆயிரத்தை ஒட்டி இருப்பார்கள். நான் மேல்பாதி கட்சி. கறுப்பு ஜெர்சி போட்டுக்கொண்டு கல்பாக்கம் தாண்டினால் முதுகில் வெள்ளைக் கோடு கோடாக உப்பு பூத்துவிடும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும்போது பின்னால் வருகிற தம்பி ஒருவன், "அக்கா, இங்கயே இறங்கிக்கோங்க, கூலி தருவாங்க" என்று கிண்டல் செய்வான்.

எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எடைக்கருவி போதும். கிளம்பும் முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள், நடுவில் குடித்த தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர். மே மாதக் காலை எட்டு மணி வெயிலில் எனக்கு அது ஒரு லிட்டருக்குச் சற்று மேலே வருகிறது, டிசம்பரில் பாதிகூட வருவதில்லை. இதைப் பார்க்காமல் யாரோ சொன்னார்கள் என்று மணிக்கு இத்தனை மாத்திரை என்று விழுங்குவதில் அர்த்தமில்லை.

நான் கலக்கும் விதம்: ஒரு பாக்கெட்டை இரண்டு 750 மி.லி. பாட்டில்களுக்குப் பிரித்துப் போட்டு, அரை மூடி எலுமிச்சை பிழிகிறேன். லிட்டருக்கு 1,150 மில்லிகிராம் சோடியம் வரும். என் வியர்வைக்கு அது சரியாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை. இந்தக் கலவை சைக்கிளுக்கு மட்டும். வீட்டில் குழந்தைக்கு நிஜமாகவே வயிற்றுப்போக்கு என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்தான், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

சுவை? காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த தண்ணீரில் பரவாயில்லை. பதினொரு மணிக்கு, பாட்டில் வெயிலில் காய்ந்த பிறகு, யாரோ ஆரஞ்சு மிட்டாயைக் கடல் தண்ணீரில் கரைத்து வைத்ததுபோல இருக்கும். ஆனாலும் குடிக்க முடிகிறது, அதுதான் முக்கியம். வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கும் நாட்களில் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் எனக்கு வயிறு களக் களக் என்று ஆடும், சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்காது. உப்பு சேர்ந்த தண்ணீரில் அது இல்லை. கடப்பாக்கத்தில் நிறுத்தி நான்கு இட்லி சாப்பிட முடிகிறது என்றால் அதற்கு மேல் எனக்கு என்ன பர்ஃபார்மன்ஸ் வேண்டும்?

குறை என்று பார்த்தால், இதில் சக்தி கிடையாது. ஒரு பாக்கெட் முழுக்க 54 கலோரி. நெடுந்தூர ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை, அதைத் தனியாகச் சாப்பிட்டே ஆக வேண்டும். எனக்கு வாழைப்பழம், கடலைமிட்டாய், வழியில் தயிர் சாதம். இன்னொரு விஷயம், வாங்கும்போது கவனம் வேண்டும். சில வருஷங்களாக அட்டைப்பெட்டிகளில் பழச்சாறு மாதிரி ஒன்றை ஓஆர்எஸ் என்ற பெயரோடு விற்றுக்கொண்டிருந்தார்கள், உள்ளே சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. ஹைதராபாத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவர் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவன அளவுக்குப் பொருந்தாத பானங்களில் ஓஆர்எஸ் என்ற சொல்லையே போடக்கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் பழைய சரக்கு கண்ணில் பட்டாலும் படலாம், பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

பின்பக்கம் என்றதும் வாத்தியார் புத்தி வந்துவிடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் 'சோடியம் குளோரைடு 500 மி.கி.' என்று போட்டிருந்தால் அதில் சோடியம் 200 மில்லிகிராம்கூட இல்லை, எடையில் நாற்பது சதவீதம்தான் சோடியம், மீதி குளோரின். மெக்னீசியத்தில் இந்த விளையாட்டு இன்னும் பெரிது. மெக்னீசியம் ஆக்சைடில் 60 சதவீதம் மெக்னீசியம், ஆனால் உடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. சிட்ரேட்டில் சுமார் 16 சதவீதம், கிளைசினேட்டில் 14. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஆயிரம்' என்று போட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மையான அளவைச் சொல்பவர்களும் உண்டு, சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. எனக்கு ஒரு விதி: தனிமத்தின் அளவைத் தனியாகச் சொல்லாத டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அந்த வகையில் வெளிநாட்டு உப்புக் கேப்சூல்கள் நேர்மையானவை. சால்ட்ஸ்டிக் கேப்சூல் ஒன்றில் சோடியம் 215 மி.கி., பொட்டாசியம் 63, கால்சியம் 22, மெக்னீசியம் 11 என்று பளிச்சென்று போட்டிருக்கும். பிரிசிஷன் நிறுவனத்தின் பிஎச் 1500 என்றால் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் சோடியம், பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பொருளில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இருபத்துச் சொச்சம் ரூபாய் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றில் இருக்கும் சோடியம் எட்டு சால்ட்ஸ்டிக் கேப்சூல்களுக்குச் சமம். எட்டுக் கேப்சூல் இறக்குமதி விலையில் என்ன ஆகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்து கொடுத்தார், அதை ராத்திரி ஓட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இனிப்பும் புளிப்பும் கலந்த எதையும் வாயில் வைக்கப் பிடிக்காத அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஒரு கேப்சூலை விழுங்கி வெறும் தண்ணீர் குடிப்பது நிம்மதி.

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளும் உண்டு. நம் ஊர் குழுக்களில் பெரும்பாலோர் கையில் ஃபாஸ்ட் அண்ட் அப் குழாய் இருக்கும், சுவையில் ஓஆர்எஸ்ஸைவிட எவ்வளவோ மேல். இந்த நுரை சிட்ரிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்து விடும் கார்பன் டைஆக்சைடு. அதனால் காற்றில் ஈரம் பட்டாலே இரண்டும் வேலையைத் தொடங்கிவிடும். கடற்கரைச் சாலையில் இது சாதாரணப் பிரச்சினை இல்லை. நான் வாங்கிய ஒரு குழாய் (கம்பெனி பெயர் வேண்டாம்) பாதி முடியும் முன்பே மூடிக்குள்ளேயே பொங்கி, மாத்திரையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கத்தி வைத்துக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஓஆர்எஸ் பாக்கெட்டைத் தேவைப்படும்போது கிழித்தால் போதும்.

உப்பு சேர்த்தால் வேகம் கூடுமா? ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஸ்பெயினில் ஹாஃப் அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) போட்டியாளர்களை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், உப்புக் கேப்சூல் எடுத்த குழு சராசரியாக 26 நிமிடம் முன்னதாக முடித்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு தென்னாப்பிரிக்காவில் அயர்ன்மேன் போட்டியாளர்களிடம் செய்த ஆய்வில், கூடுதல் சோடியம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ரத்தத்தின் சோடியம் அளவில் வித்தியாசமே வரவில்லை. முதல் ஆய்வில் குழுவுக்குப் பதின்மூன்று பேர்தான், அதை வைத்துக் கோயில் கட்ட முடியாது. என் வேகம் கூடவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். என் சராசரி வேகம் உப்புக்கு முன்பும் பின்பும் அதேதான்.

ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடிப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான 120-க்கும் கீழே. அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின் நடுவிலேயே எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். அப்படிக் குடிப்பவர் ஓஆர்எஸ் கலந்தாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் எந்தப் பானமும் ரத்தத்தைவிட உப்புக் குறைவானதே. தாகம் எடுத்தால் குடிக்கவும், அவ்வளவுதான்.

இளநீர் பற்றிக் கேட்பீர்கள். குடிக்கிறேன், ரசித்துக் குடிக்கிறேன். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது தலைகீழ். அதனால் இளநீர்க் கடையில் ஒரு சிட்டிகை உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், கடைக்காரம்மா என்னைப் பார்க்கும் பார்வையைப் பொருட்படுத்துவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து சால்ட் லெமன் சோடாவும் உப்பு போட்ட மோரும் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. இந்துப்பில் எண்பத்துச் சொச்சம் கனிமம் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். மீதமுள்ள துளியில் எத்தனை பெயர் இருந்தால் என்ன, அளவு வேண்டாமா? 'எழுபத்திரண்டு கனிமங்கள்' சொட்டு மருந்துக்கும் இதே பதில்தான். ஆவர்த்தன அட்டவணையில் பாதிக்கு மேல் ஒரே பாட்டிலில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறார்கள். அந்த அட்டவணையில் ஆர்சனிக்கும் இருக்கிறது.

மெக்னீசியம். இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஏனென்றால் கால் பிடித்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் பயம். 400 கி.மீ. ஓட்டத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சாலையோரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆட்களை நிறையப் பார்க்கலாம். "மெக்னீசியம் போடுங்க சார்" என்று அறிவுரை அந்த இடத்திலேயே வந்துவிடும். நான் கிளைசினேட் ஒரு டப்பா, சிட்ரேட் ஒரு டப்பா முடித்தேன். பிடிப்பு வர வேண்டிய நாட்களில் வந்தது. சிட்ரேட் எடுத்த வாரங்களில் வயிறு இளகி, காலை நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டியவள் பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலச்சிக்கலுக்கு டாக்டர்கள் தருவதும் இதே குடும்பத்து உப்புதான், அதனால் மருந்தின்மேல் கோபமில்லை. மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்று அமெரிக்க வரம்பு சொல்வதும் இந்த வயிற்றுக் கோளாறை வைத்துத்தான்.

ஆதாரம் எப்படி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-இல் புதுப்பித்த தொகுப்பில், வயதானவர்களின் தசைப்பிடிப்பைத் தடுப்பதில் மெக்னீசியம் குறிப்பிடும்படியான பலன் தர வாய்ப்பில்லை என்றார்கள். உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு முறையான சோதனையே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிடிப்பு வருவதற்குக் களைத்த தசையின் நரம்புக் கட்டுப்பாடு குலைவதே காரணம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். 2010-இல் ஒரு சோதனை நடந்தது. மின்தூண்டலால் கால் பெருவிரலில் பிடிப்பை வரவழைத்து, வினிகர் கலந்த வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்ததைவிட விரைவாகப் பிடிப்பு விட்டது. உப்பு ரத்தத்தில் சேர்ந்திருக்க நேரமே இல்லை, தொண்டையில் காரமும் புளிப்பும் பட்டதும் நரம்பு வழியாக ஏதோ நடக்கிறது என்பது அவர்கள் ஊகம். இதைப் படித்த பிறகு ஜெர்சி பாக்கெட்டில் உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். இது என் சொந்த வைத்தியம், யாரும் சோதித்ததில்லை. நிஜமாகவே எனக்குப் பிடிப்பைக் குறைத்தவை வேறு இரண்டு: சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கியது, முதல் ஐம்பது கிலோமீட்டரை மெதுவாக ஓட்டியது.

எங்கள் குழுவில் இருபது வயதுப் பையன்கள் இப்போது பைகார்பனேட் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்வீடனின் மௌர்டென் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த பொருள் அது. சோடியம் பைகார்பனேட்டைக் குட்டி மாத்திரைகளாக்கி ஜெல்லுக்குள் வைத்து, இரைப்பையைத் தாண்டியே கரையச் செய்கிறார்கள். உள்ளே இருப்பது ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடா உப்பு. அது ரத்தத்தின் அமிலத்தைத் தாங்கும் திறனைக் கூட்டும், அரை நிமிடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரை உச்சத்தில் ஓட்டும் பந்தயங்களில் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம். 58 கிலோ எடையுள்ள நான் முழு அளவு எடுத்தால் பதினேழு கிராம் சோடா உப்பு, அதில் மட்டும் கிட்டத்தட்ட 4.8 கிராம் சோடியம். மூன்று ஓஆர்எஸ் பாக்கெட்டுக்குச் சற்றே குறைவு, ஒரே மூச்சில்! ஒரு தம்பி சமையலறை சோடா உப்பை அப்படியே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வந்தான். வண்டலூர் தாண்டவில்லை, புதர் தேடினான். பிரெவேக்காரர்களுக்கு இது தேவையே இல்லை, நாங்கள் அமிலம் சேரும் வேகத்துக்குப் போவதே கிடையாது.

கால்சியத்துக்கு மாத்திரை வாங்கவில்லை. மணிக்கணக்கில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு, குறிப்பாக முதுகெலும்பில், எலும்பு அடர்த்தி குறையலாம் என்பது உண்மை. எடை தாங்காத பயிற்சி, வியர்வையில் வேறு கால்சியம் போகிறது. நான் கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிக்கிறேன். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் டம்பெல் தூக்குகிறேன். போதும்.

இரும்புக்கு வருகிறேன். என் சைக்கிளை நிஜமாகவே மாற்றிய கனிமம் இது.

போன வருஷம் ஏலகிரி ஏறும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதிலேயே மூச்சு வாங்கியது. முன்பு பேசிக்கொண்டே ஏறிய மலை. பயிற்சி குறையவில்லை, தூக்கம் குறையவில்லை. வயசாகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஹீமோகுளோபின் பார்த்தால் 12.4, பெண்களுக்கு 12 இருந்தாலே சரி என்பார்கள். அந்த டாக்டரம்மா விடவில்லை, "ஃபெரிட்டின் தனியா எழுதித் தர்றேன், பாத்துட்டு வாங்க" என்றார். உடலில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் அளவு அது. வந்தது 11. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து இருப்பு காலி என்று பொருள். விளையாட்டு மருத்துவத்தில் 30, 35-க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். மாதவிடாய் தாறுமாறாகப் போகும் வயது, மரக்கறி சாப்பாடு, வியர்வை, மூன்று வேளையும் ஃபில்டர் காபி. கேட்டால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பள்ளியில் வாரா வாரம் பிள்ளைகளுக்கு அந்த நீல நிற இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறார்களா என்று நின்று பார்ப்பதே என் வேலைகளில் ஒன்று.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இருப்பு மட்டும் காலியானால் ஓட்டம் பாதிக்குமா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2000-இல் இதைத்தான் பார்த்தார்கள், அதுவும் சைக்கிளில். ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்பு இருப்பு குறைந்த 42 பெண்கள். பாதிப் பேருக்கு ஆறு வாரம் இரும்பு, மீதிக்கு வெற்று மாத்திரை. எல்லோரும் பயிற்சி செய்தார்கள், கடைசியில் நிலைச் சைக்கிளில் 15 கி.மீ. ஓட்டினார்கள். இரு குழுவும் முன்னேறியது, இரும்பு எடுத்த குழு கூடுதலாக முன்னேறியது.

எனக்கு எழுதிக்கொடுத்தது ஃபெரஸ் அஸ்கார்பேட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் எடுத்தால் உடல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த வேளை இரும்பைத் தடுத்துவிடும்; 2017-இல் சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் பார்த்தபோது ஒரு நாள் இடைவெளியில் கொடுத்ததே அதிகம் உள்ளே போனது. கடினமாக ஓட்டிய பிறகும் சில மணி நேரத்துக்கு அதே ஹார்மோன் ஏறுகிறது என்பதால், ஞாயிறு ஓட்டம் முடித்து வந்து போடவில்லை, கிளம்பும் முன் காலையிலேயே போட்டேன். கஷ்டமான பகுதி காபி. சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம், டீ என்றால் 64 சதவீதம் குறைந்தது என்று 1983-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை நாட்களில் நெல்லிக்காய்ச் சாற்றோடு விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் டிகாக்ஷன் வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு கல்லாகும், மலம் கறுக்கும், வாயில் ஆணி கடித்த ருசி. இனிமையான பொருள் என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு மாதம் கழித்து ஃபெரிட்டின் 38. ஏலகிரியில் ஒன்பதாவது வளைவு வரை பேச முடிந்தது, அதற்கு மேல் பேச விருப்பமில்லை. அதே மேட்டில் இதயத்துடிப்பு முன்பைவிட எட்டு, பத்து குறைவாகக் காட்டியது. இதில் எத்தனை பங்கு மாத்திரை, எத்தனை பங்கு மனசு என்று பிரிக்க எனக்கு வழியில்லை, இருந்தாலும் மேல்தட்டில் இருக்கும் எந்த டப்பாவும் இதில் கால்பங்குகூடச் செய்ததில்லை.

ஆண்கள் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கூடுதலாகச் சேரும் இரும்பைத் தானாக வெளியேற்றும் வழி உடலுக்குக் கிடையாது. சேர்ந்தால் ஈரலில் படியும். ஐரோப்பியத் தொழில்முறைச் சைக்கிள் வீரர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரையில், 45 சதவீதம் பேருக்கு மேல் ஃபெரிட்டின் 300-ஐத் தாண்டியிருந்தது, கால்வாசிப் பேருக்கு 500-ஐ. அந்தக் காலத்தில் அணிகளில் இரும்பு ஊசியைக் கணக்கில்லாமல் போட்டதன் விளைவு. உப்புக்கும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை: ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஓஆர்எஸ் பாட்டிலைத் தூக்கும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

செலவு கணக்கு. ஃபெரிட்டின் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வராது, பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து லேபில் எழுநூறு ரூபாய் வாங்கினார்கள். நான் வாங்கிய ஒரு மெக்னீசியம் டப்பாவைவிடக் குறைவு. 38-ஐப் பார்த்ததும் டாக்டரம்மா, "நிறுத்திடுங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார். மீதி ஒன்றரை அட்டை ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. எங்கள் பள்ளி கணக்கு டீச்சர், என்னோடு மாமல்லபுரம் வரை வருபவர், "அக்கா, எனக்கும் படி ஏறினா மூச்சு வாங்குது, அந்த அட்டையைக் குடுங்களேன்" என்று கேட்டார். லேப் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.